ஆலைச் சுவருக்கு அப்பால் இருந்த பங்களா: யாருடையது, எங்கே தேடுவது?

கேள்வி: 6 ஜனவரி 2023

பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் இடையில், பழைய பின்னி ஆலை வளாகத்தின் சுவருக்கு அப்பால், ஒரு பெரிய தோட்ட வீடு இருந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆலை மேலாளருக்காகக் கட்டப்பட்டது என்பது தெருவாரின் நம்பிக்கை. பெயரும் துரை பங்களா. இன்று அங்கே கிடங்குகளும் லாரிகள் நிற்கும் திடலும்தான் உள்ளன. இணையத்தில் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. கட்டியவர் யார், எப்போது இடித்தார்கள் என்பதை அறிய எங்கிருந்து தொடங்க வேண்டும்?

7 ஜனவரி 2023

பெயரிலிருந்து மட்டும் தொடங்க வேண்டாம். வட சென்னையில் உயர்ந்த மதிலும் முகப்பில் நான்கு தூண்களும் கொண்ட எந்த வீடும், அதில் குடியிருந்தவர் தெலுங்கு வணிகரானாலும் ஆங்கிலோ இந்திய ரயில்வே அதிகாரியானாலும், இரண்டு தலைமுறைக்குள் துரை பங்களா ஆகிவிடுகிறது. மேலாளர் வீடு என்ற கதையும் அப்படி ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம்.

காலவரிசையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆற்காட்டு நவாப் 1742இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் பெரம்பூரும் ஒன்று. வேப்பேரி, புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையங்குப்பம் ஆகியவை மற்ற நான்கு. கோட்டைக்கு வெளியே தோட்ட வீடு கட்டிக்கொள்ளும் வழக்கம் அதற்குப் பிந்தைய நூறாண்டுகளில் செழித்தது. பெரம்பூர் ரயில்வே பணிமனை 1856இல்தான் வந்தது. பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்காம் ஆலை 1870களிலும் கர்நாடிக் ஆலை 1880களிலும் வந்தன. எனவே, ஆலைக்காக வீடு எழுந்ததா, வீடு நின்ற தோட்டங்களுக்கு நடுவே ஆலை வந்து உட்கார்ந்ததா என்பதே உங்களுடைய முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஆலை கட்டுவோருக்குப் பரந்த நிலம், நீர், ஒரே உரிமையாளரிடம் முடிகிற பேரம் ஆகிய மூன்றும் தேவை. பழைய தோட்ட வீட்டு வளாகங்களில் இந்த மூன்றும் ஒருங்கே கிடைத்தன.

இன்னொன்று: வீட்டைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். வீட்டைப் பற்றி எழுதிவைக்க யாருக்கும் கட்டாயம் இருக்கவில்லை. நிலத்துக்கோ வரி உண்டு, அடமானம் உண்டு, பாகப்பிரிவினை உண்டு, வழக்கு உண்டு. ஆகவே காகிதமும் உண்டு.

7 ஜனவரி 2023, இரவு

கதவு எண்ணை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். சென்னையில் ஒவ்வொரு வாசலிலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு தொங்குகின்றன. பழைய எண் என்று இருப்பதற்கும் முந்தையது ஒன்று இருந்திருக்கும். தெருப் பெயரும் நிலையானதன்று. 1970களின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகள் நீக்கப்பட்டபோது பல தெருக்கள் பாதிப் பெயரோடு நின்றன. பழைய பத்திரத்தில் உள்ள முழுப் பெயரையும் இன்றைய பலகையில் உள்ள மிச்சத்தையும் பொருத்திப் பார்ப்பதே தனி வேலை.

9 ஜனவரி 2023

நீங்கள் கேட்டுக்கொண்டதால் என் கதையைச் சொல்கிறேன். என் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா ஓட்டேரிப் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் தோட்டக்காரராக இருந்தார். அந்த வீடும் இன்று இல்லை. நான் முதலில் உரிமையாளரின் பெயரைத் தேடினேன்; குடும்பத்தில் யாருக்கும் அது தெரியவில்லை, "ஐயா வீடு" என்பதோடு நினைவு முடிந்துவிட்டது. வழி திறந்தது அண்டை வீட்டுப் பத்திரத்தில்.

அந்த வளாகத்தை ஒட்டிய ஒரு சிறு மனைக்குரியவர்கள் தங்கள் மூலப்பத்திரங்களைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒரே மனை மூன்று முறை கைமாறியிருந்தது. மூன்று பத்திரங்களிலும் செக்குபந்தி, அதாவது மனையின் நான்கெல்லை விவரம், இருந்தது. 1911ஆம் ஆண்டுப் பத்திரத்தில் தெற்கெல்லை "தோட்ட வீட்டு மதிலும் அதையொட்டிய வாய்க்காலும்" என்று எழுதப்பட்டிருந்தது. 1934இல் "மேற்படி தோட்ட வீட்டு மதில்" என்று இருந்தது, வாய்க்காலைக் காணவில்லை. 1951இல் "கம்பெனியார் காலி மனை" என்று இருந்தது. எனக்கு வேண்டிய வீட்டின் ஒரு காகிதமும் இல்லாமலே, அதன் மதில் 1934க்கும் 1951க்கும் இடையில் போயிற்று என்ற முடிவுக்கு அன்று வந்தேன். அந்த வீட்டு அம்மா காபியை வைத்துவிட்டு, "எங்க மனையோட பத்திரத்துல உனக்கு என்ன தம்பி வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான்கெல்லையைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டேன் என்று சொல்லித்தான் மூன்றாவது பத்திரத்தைப் பிரிக்க முடிந்தது.

10 ஜனவரி 2023

நேற்று எழுதியதற்கு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். பத்திரம் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் நிலத்துக்குப் போய்ப் பார்த்து எல்லை எழுதுவதில்லை. தாய்ப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே பெயர்த்து எழுதுவதே வழக்கம். "மேற்படி" என்ற சொல்லைக் கண்டால் கூடுதல் கவனம் தேவை. ஆகவே 1934இல் மதில் என்று எழுதியிருப்பதால் 1934இல் மதில் நின்றது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அது 1920களிலேயே விழுந்திருக்கலாம். மாறாக, எல்லை விவரம் மாறியிருந்தால், யாரோ ஒருவர் கண்ணால் பார்த்து மாற்றியிருக்கிறார் என்று கொள்ளலாம். 1951க்குள் மதில் போய்விட்டது என்பது திடமான செய்தி. 1934 என்ற கீழெல்லை தளர்வானது. வாய்க்கால் மறைந்ததும் ஒரு மாற்றம் என்பதால், 1934இல் யாரோ ஓரளவுக்காவது பார்த்துத்தான் எழுதினார்கள் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். நான் பாதி ஒப்புக்கொள்கிறேன்.

14 ஜனவரி 2023

நீங்கள் அனுப்பிய வில்லங்கச் சான்றைப் பார்த்தேன். அதில் 1975க்கு முன்பு எதுவும் இல்லாதது கண்டு சோர்ந்துபோக வேண்டாம். இணையவழியில் கிடைப்பது பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகள்தாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டி, கையெழுத்து அட்டவணைகளில் பார்க்கச் சொல்ல வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்பட்ட முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம். அந்தச் சொத்தில் உரிமை இருக்க வேண்டியதில்லை. அட்டவணைகள் இரண்டு வகை: ஒன்று ஆள்பெயர் வரிசை, மற்றது சொத்து வரிசை. பெயர் தெரியாத நமக்கு இரண்டாவதுதான் துணை. அலுவலக எல்லைகள் மாறிவந்திருப்பதால், இன்றைய அலுவலகத்தில் இல்லாத பழைய தொகுதி வேறோர் அலுவலகத்தில் இருக்கக்கூடும். எங்கே என்று அங்கேயே விசாரியுங்கள்.

உங்கள் சான்றில் உள்ள எண்களின் நெரிசல் பற்றி: டி.எஸ். என்பது நகர நில அளவை எண். ஆர்.எஸ். என்பது மறு அளவை எண். ஓ.எஸ். என்பது அதற்கு முந்தைய அளவை எண். சி.சி. என்பது கலெக்டர் சான்று எண். இவற்றுக்கும் முன்னால் பைமாஷ் எண் என்று, மிகப் பழைய நில அளவையின் எண் ஒன்று இருந்தால் அதை முத்துப்போலக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உட்பிரிவுகளாகச் சிதறுவதற்கு முன் நிலம் ஒரே துண்டாக இருந்த காலத்துக்கு உங்களை இட்டுச்செல்லக்கூடியது அதுதான்.

14 ஜனவரி 2023, சற்றுப் பின்

அளவைப் பார்க்க மறந்துவிடக் கூடாது. பழைய பத்திரங்களில் காணி என்று இருக்கும். சென்னைக் கணக்கில் 1 காணி என்பது 24 கிரவுண்டு. 1 கிரவுண்டு 2,400 சதுர அடி. ஓட்டேரி வளாகம் 4 காணி. அதாவது 96 கிரவுண்டு, ஏறத்தாழ 5.3 ஏக்கர். இன்றைய உட்பிரிவுகளின் பரப்பைக் கூட்டிப் பார்த்தபோது 96க்குச் சில கிரவுண்டுகள் குறைந்தன. குறைந்த பகுதி சாலை அகலப்படுத்தலுக்குப் போயிருந்தது. கூட்டுத்தொகை இப்படிப் பொருந்தினால் சரியான நிலத்தைத்தான் பிடித்திருக்கிறோம் என்று நம்பலாம்.

19 ஜனவரி 2023

பங்களாவில் நள்ளிரவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பியானோ வாசிப்பாராமே என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னை மாகாணத்தில் இடிந்த வீடுகளின் எண்ணிக்கைக்கும் பியானோ வாசித்த பெண்மணிகளின் எண்ணிக்கைக்கும் இடையே வியக்கத்தக்க பொருத்தம் உள்ளது. ஓட்டேரி வீட்டிலும் அவர் இருந்தார், அங்கே வயலின்.

ஆயினும் பேய்க் கதையைத் தள்ளிவிடாமல் ஒரு பயனுக்காகக் கேளுங்கள். பேய் எந்த வாசல் வழியாக வந்தது, எந்தக் கிணற்றடியில் மறைந்தது, எந்த மாமரத்தடியில் பிள்ளைகள் போக அஞ்சினார்கள் என்று கேட்டால், வீட்டின் அமைப்பு தானாக வெளியே வரும். "அது யாருடைய வீடு?" என்று கேட்டால் முதியவர்கள் தெருவில் உலவும் பதிலையே திருப்பிச் சொல்வார்கள். "பந்து உள்ளே விழுந்தால் எப்படி எடுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், மதிலின் உயரம், உடைந்திருந்த மூலை, காவல்காரரின் பெயர், நாய் என்று எல்லாம் வரும். ஆலைச் சங்கு ஊதும்போது ஒலி வீட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஓட்டேரியில் எனக்குக் கிடைத்த பதில், வரைபடத்தில் நான் குழம்பிக்கொண்டிருந்த திசையைத் தீர்த்துவைத்தது.

23 ஜனவரி 2023

எழும்பூர் ஆவணக் காப்பகம் பற்றி. 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்துக்குள் "ஒரு வீட்டைத் தேடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு போனால் யாராலும் உதவ முடியாது. துறை, ஆண்டு, ஆணை எண் என்ற வரிசையில்தான் அங்கே கோப்புகள் உறங்குகின்றன. ஆகவே முதலில் அரசிதழைப் பாருங்கள். ரயில்வேக்கோ கால்வாய்க்கோ சாலைக்கோ கம்பெனிக்கோ நிலம் எடுத்தபோது, 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் வெளியான அறிவிப்புகள் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வந்தன. சர்வே எண், நிலத்தின் தன்மை, உரிமையாளர், அனுபவத்தில் உள்ளவர், எல்லை, பரப்பு என்று விவரங்கள் வரிசையாக இருக்கும்.

அறிவிப்பைக் கண்டுபிடித்தால், அடுத்து இழப்பீட்டுத் தீர்ப்பைத் தேடுங்கள். இழப்பீடு கொடுக்க வேண்டுமானால் நிலம், கட்டடம், கிணறு, மரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். அதனால், நூறாண்டு நின்றபோது ஒருவரும் விவரிக்காத வீட்டை, அதை எடுத்துக்கொள்ளப் போகும் அதிகாரி அறை அறையாக விவரிப்பார். ஓட்டேரி வளாகத்தின் ஒரு மூலை அப்படி எடுக்கப்பட்டபோது எழுதிய பட்டியலில், காய்க்கும் மாமரங்கள் இத்தனை, காய்க்காதவை இத்தனை, கற்கட்டுக் கிணறு ஒன்று, ஓடு வேய்ந்த வேலையாட்கள் குடியிருப்பு ஒரு வரிசை என்று இருந்தது. அந்த வரிசையில்தான் என் கொள்ளுத்தாத்தா குடும்பத்தோடு இருந்தார். மரங்களைக் காய்ப்பவை, காய்க்காதவை என்று பிரித்து எண்ணியவர்கள், அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவரைக் கணக்கில் எடுக்கவில்லை. இழப்பீடு உரிமையாளருக்குப் போயிற்று. குடியிருந்தவர்களுக்கு எதுவும் கொடுத்ததாக அந்தக் கோப்பில் இல்லை.

24 ஜனவரி 2023

கம்பெனியின் பெயரே காலத்தைக் காட்டும். பத்திரத்தில் பக்கிங்காம் ஆலைக் கம்பெனி என்றோ கர்நாடிக் ஆலைக் கம்பெனி என்றோ தனித்தனியாக இருந்தால் அது 1920க்கு முந்தைய நிலையைக் குறிக்கும். இரண்டும் இணைந்து ஒரே கம்பெனியானது அந்த ஆண்டில்தான். பின்னி என்று மட்டும் இருந்தால் மேலும் விசாரிக்க வேண்டும், ஏனெனில் அந்த ஆலைகளை நடத்திய நிர்வாக நிறுவனமாகவும் அந்தப் பெயர் வரும்.

2 பிப்ரவரி 2023

உரிமையாளர் இந்துவாக இருந்திருக்கலாம் என்று நீங்கள் இப்போது ஐயப்படுவது நல்ல திருப்பம். 1870ஆம் ஆண்டு இந்து உயில் சட்டம் சென்னை நகருக்குள் இருந்த அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயில்களையும் உள்ளடக்கியது. அத்தகைய உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இதனால் சென்னை நகரத்துப் பணக்காரர்களின் உயில்கள் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவுப் பதிவுகளில் சேர்ந்தன. வெளியூர் மிராசுதாரருக்கு அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை. ஓர் உயிலில் "பெரம்பூரில் உள்ள தோட்டமும் பங்களாவும்" என்று ஒரு வரி கிடைத்தால் போதும்.

அதே மூச்சில் 1906ஐ நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அர்பத்நாட் வங்கி திவாலானது. பின்னியும் அதே ஆண்டில் தள்ளாடி, பிரிட்டிஷ் வணிகர் இஞ்ச்கேப்பின் குழுமத்திடம் போனது. சென்னையில் பணம் வைத்திருந்தவர் பலருக்கு அது பேரிடியாக விழுந்தது. 1906ஐ ஒட்டி உங்கள் நிலம் கைமாறியிருந்தால், அந்தக் காலச் செய்தித்தாள்களின் ஏல விளம்பரப் பத்திகளைப் பொறுமையாகப் புரட்டுங்கள். ஏலக்காரர்கள் எத்தனை அறை, எத்தனை குதிரைக்கு லாயம், தோட்டத்தில் என்ன மரம் என்று அடுக்குவார்கள். விற்க வேண்டியவர்கள் என்பதால் சற்று உயர்த்தியே எழுதுவார்கள்.

11 பிப்ரவரி 2023

உங்கள் பெரியம்மா 1960களில் அந்த வீட்டைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வது உண்மையானால் வானிலிருந்து எடுத்த படம் உதவும். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995இல் பொதுப் பார்வைக்கு விடப்பட்டன. பிற்காலக் கேமராக்களில் சுமார் 2 மீட்டர் அளவுள்ள பொருள்வரை தெரியும். எனக்கு ஓட்டேரியில் வீடு கிடைக்கவில்லை, அது முன்னமே போய்விட்டது. ஆனால் வாசலிலிருந்து வீட்டு முகப்புக்கு வளைந்து சென்ற வண்டிப்பாதை, காலி மனைக்கு நடுவே வெளிறிய வில்லாகத் தெரிந்தது. இரு பக்கமும் மரங்களின் கரும்புள்ளிகள். மனிதர்கள் வீட்டை இடித்துச் செங்கல்லை விற்றுவிடுவார்கள். இறுகிப்போன பாதையை யாரும் தோண்டி எடுப்பதில்லை.

படத்தில் ஆலையின் புகைபோக்கி நிழலை முதலில் கண்டுபிடியுங்கள். அதன் திசையிலிருந்து மற்ற நிழல்களைப் படிக்கலாம். தாழ்ந்த கிடங்கின் நிழல் மெல்லிய கோடாக விழும். உயர்ந்த மாடி வீட்டின் நிழல் தடித்திருக்கும்.

12 பிப்ரவரி 2023

மிச்சமுள்ள சுவர்த் துண்டின் படம் கண்டேன். தட்டையான சிறு செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே தேக்குக் கட்டை பொருந்திய பள்ளம். மெட்ராஸ் தளம் போட்ட கட்டடத்தின் எச்சமாகத் தெரிகிறது: உத்திரங்களின் மேல் செங்கல்லை விளிம்பு மேலாக நிறுத்திக் குறுக்காக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நெருக்கியடித்த கூரை. ஆயினும் இதை வைத்துக் காலத்தைச் சொல்ல மாட்டேன். சிமென்ட் பரவலாகும்வரை பல தலைமுறைகள் இப்படித்தான் கட்டினார்கள். இடித்த வீட்டின் செங்கல்லையும் மரத்தையும் வாங்கிப் புதுச் சுவர் எழுப்புவதும் சாதாரணம். உங்கள் துண்டு வேறெங்கோ இருந்த வீட்டின் செங்கல்லாகவும் இருக்கலாம். பள்ளங்கள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தால் மட்டும் சுவர் அங்கேயே எழுந்தது என்று நம்புவேன். அளந்து சொல்லுங்கள்.

26 பிப்ரவரி 2023

இடைவெளி சீராக உள்ளது என்று அளந்து எழுதியதைப் பார்த்தேன். மகிழ்ச்சி. அடுத்து, 1979இல் அந்த நிலம் ஒரே நாளில் பல துண்டுகளாகக் கிரயம் ஆனது என்று நீங்கள் கண்டறிந்ததை 1978ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள். உச்சவரம்புக்கு மேல் காலி நிலம் வைத்திருந்தவர்கள் விவர அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. 1999இல் சட்டம் நீக்கப்பட்டது. அதற்குள் பெரிய வளாகங்கள் பல சிதறிவிட்டன. வீட்டை ஆலை விழுங்கியது என்று தெருவார் சொல்வதற்கும் இந்தத் தேதிக்கும் ஒத்துவரவில்லை. ஆலை 1996 வரை ஓடியது. அது இந்த நிலத்தை வாங்கியதற்கான பதிவு எதுவும் இதுவரை உங்கள் கையில் இல்லை. வாடகைக்கு எடுத்து அதிகாரிகளைக் குடிவைத்திருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் துரை பங்களா என்ற பெயரும் முழுப் பொய்யில்லை. பெயரிலிருந்து தொடங்க வேண்டாம் என்று ஜனவரியில் எழுதியதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் பெயர் உரிமையாளரை விட்டுவிட்டுக் குடியிருந்தவரைச் சொல்லக்கூடும் என்பதை அதோடு சேர்த்துக்கொள்கிறேன்.

3 மார்ச் 2023

1979 கிரயங்களில் ஒன்றின் சான்றிட்ட நகலை உடனே வாங்குங்கள். எல்லாம் ஒரே வார்ப்பில் எழுதப்பட்டிருக்கும் என்பதால் ஒன்று போதும். அதில் விற்பவர்கள் தங்களுக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தியை மட்டும் எடுத்து இங்கே இடுங்கள், உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை மறைத்துவிட்டு. முந்தைய கிரயம் என்று இருந்தால் அதன் ஆண்டையும் எண்ணையும் கொண்டு முதலாம் புத்தகத்தில் ஒரு படி பின்னால் போகலாம். பாகப்பிரிவினை என்று இருந்தால் அட்டவணைச் சொத்துகளின் பட்டியலில் பங்களா தனி உருப்படியாக இருக்கும். உயில் வழி வந்தது என்று இருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு மனு எழுத வேண்டும். அதன் மாதிரியை அடுத்த குறிப்பில் தருகிறேன்.